பீக்வாட் கப்பலில் ஏன் கலகம் மூளவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறரை அடக்கியாளும் நாவல் பாத்திரங்களைப் பற்றித் தங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' நாவலின் கேப்டன் ஆகாபுக்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைத்திருந்தது: காலைப் பறித்த திமிங்கிலத்தின் மேல் பழிவெறி கொண்ட பைத்தியக்காரன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தோடு நாவலுக்குள் போனால், கேட்க வேண்டிய கேள்வியே எழாமல் போகும். ஆகாப் நடத்தும் பீக்வாட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் இருப்பவர்கள் ஏறத்தாழ 30 பேர். திமிங்கில எண்ணெய் சேர்த்துப் பங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம் என்று கிளம்பியவர்கள். தங்களுக்கு ஒரு காசு லாபமில்லாத ஒருவனுடைய பகைக்காக மூன்று நாள் துரத்தி, ஒருவனைத் தவிர எல்லோரும் கடலில் சாகிறார்கள். யாரும் கலகம் செய்யவில்லை. ஏன்? பைத்தியம் என்பது ஆகாபை விளக்கலாம், மற்ற 30 பேரை விளக்காது. அடக்கியாளும் பாத்திரத்தை ஆராய்பவர் அடங்கிப்போகிறவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். இந்த நாவலைப் பற்றி எழுத நினைக்கும் மாணவர்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் பயன்படட்டும் என்று அத்தியாய எண்களோடு சற்று விரிவாக எழுதுகிறேன்.

எளிதில் வாய்க்கு வரும் விடைகள் மூன்று. மூன்றையும் மெல்வில் நாவலுக்குள்ளேயே அடைத்துவிடுகிறார்.

காயம்தான் காரணம் என்பது முதல் விடை. 100-ஆம் அத்தியாயத்தில் 'சாமுவேல் எண்டர்பி' என்ற லண்டன் கப்பல் எதிர்ப்படுகிறது. அதன் கேப்டன் பூமர், அதே வெள்ளைத் திமிங்கிலத்தோடு மோதி ஒரு கையை இழந்தவன். ஆகாபுக்குத் திமிங்கில எலும்பில் கால் என்றால் அவனுக்குத் திமிங்கில எலும்பில் கை. எதிரி ஒன்று, தொழில் ஒன்று, இழப்பும் ஏறக்குறைய ஒன்றே. பூமரோ, ஒரு தடவை மோதியதே போதும், அதைக் கொன்றால் பெருமை உண்டு, கப்பல் நிறைய எண்ணெயும் உண்டு, ஆனாலும் அதை அதன் போக்கில் விடுவதுதான் நல்லது என்கிறான். காயம் மட்டும் ஓர் ஆகாபை உண்டாக்கிவிடாது என்பதற்கு நாவலில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆகாப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் காணாமல் போகிறவனும் இந்தப் பூமர்தான்.

கொடுமைப்படுத்தி அடக்கினான் என்பது இரண்டாவது விடை. நாவல் முழுக்கத் தேடினாலும் ஆகாப் ஒரு மாலுமியைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்கும் காட்சி கிடையாது. சாட்டையடி வருவது 54-ஆம் அத்தியாயத்தில், 'டவுன்-ஹோ' என்ற வேறொரு கப்பலின் கதையில். அங்கே ராட்னி என்ற மேட் (கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி), ஸ்டீல்கில்ட் என்ற மாலுமியைப் பொறுக்க முடியாமல் அவமானப்படுத்துகிறான். ஒழுகும் கப்பலில் தண்ணீர் இறைத்துக் களைத்து உட்கார்ந்தவனைத் தளத்தைப் பெருக்கச் சொல்கிறான், மறுத்ததும் சுத்தியலை ஓங்குகிறான். விளைவு: ராட்னியின் தாடை உடைகிறது, கப்பலில் கலகம், பிறகு சாட்டையடி, கரை சேர்ந்ததும் பெரும்பாலோர் ஓடிப்போகிறார்கள். முரட்டு அதிகாரம் எதிர்ப்பை எப்படி வளர்க்கிறது என்பதை மெல்வில் அறியாதவர் அல்லர். 1841 ஜனவரியில் 'அகுஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் கிளம்பி, 1842 ஜூலையில் மார்கெசஸ் தீவுகளில் அதைவிட்டு ஓடியவர். அடுத்து ஏறிய கப்பலில் வேலை மறுப்பில் சேர்ந்து தஹிட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். கடற்படையின் சாட்டையடியைக் கண்டித்து 1850-இல் ஒரு நாவலே எழுதினார். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தத் தண்டனையை ஒழித்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த நாவலில் அவர் படைத்த கேப்டனுக்குச் சாட்டை தேவைப்படவில்லை. ராட்னியையும் ஆகாபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ராட்னி ஒருவனைத் தனியே பிடித்து எல்லோர் முன்னிலும் தாழ்த்துகிறான். ஆகாப் எல்லோரையும் சேர்த்து உயர்த்திப் பேசி, ஒருவனை மட்டும் தனியாக்குகிறான்.

பைத்தியம் என்பது மூன்றாவது. 41-ஆம் அத்தியாயம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: தன் நோக்கம்தான் பித்து, அதற்கான வழிமுறைகள் எல்லாம் தெளிந்த அறிவுடையவை என்பது ஆகாபுக்கே தெரியும். ஆராய வேண்டியவை அந்த வழிமுறைகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியும்.

ஆகாப் நம் கண்ணில் படுவது 28-ஆம் அத்தியாயத்தில்தான். கப்பல் கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்கத் துறைமுகமான நான்டக்கெட்டை விட்டுக் கிளம்பிப் பல நாள் ஆகிவிட்டது. அதுவரை ஆணைகள் கீழ் அறையிலிருந்து வருகின்றன, ஆளைக் காணோம். அதற்கு வெகு முன்பே, 16-ஆம் அத்தியாயத்தில், கப்பலின் உரிமையாளர்களில் ஒருவனான பெலெக் அவனைப் பற்றி அச்சமும் பெருமையும் கலந்து சொல்லிவைக்கிறான்: கல்லூரியும் பார்த்தவன், நரமாமிசம் உண்பவர்களிடையேயும் இருந்தவன், மனிதத்தன்மை அற்றவனல்ல, இளம் மனைவியும் குழந்தையும் உண்டு. ஆள் வருமுன் பேச்சு வந்துவிடுகிறது. அவன் மேல்தளத்துக்கு வரும் நேரம் எல்லோரும் ஏற்கெனவே பாதி பணிந்திருக்கிறார்கள்.

அடுத்தது பதவியின் சடங்கு. 33, 34 ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் அவசர வாசகர்கள் தாண்டிப்போவார்கள். சுருக்கப் பதிப்புகளும் இப்படிப்பட்ட பகுதிகளைத்தான் கைவிடும். என் பார்வையில் ஆகாபைப் புரிந்துகொள்ள இவை இரண்டும் இன்றியமையாதவை. ஒருவன் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும், வெளியிலிருந்து சில உபாயங்களும் அரண்களும் துணைக்கு வராமல் பிறர் மேல் நடைமுறை ஆதிக்கம் பெற முடியாது என்று 33-ஆம் அத்தியாயம் நேராகவே சொல்கிறது. கடலில் அந்த அரண் கப்பல் மரியாதை. எந்த முறைமையும் ஆகாப் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ஏற்கெனவே இருந்த வழக்கங்களைத் தன் சொந்த நோக்கத்துக்கு மேலுறையாகப் போட்டுக்கொள்கிறான்.

34-ஆம் அத்தியாயத்தில் அது சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. முதலில் ஆகாப் கீழே இறங்குவான். போதிய இடைவெளி விட்டு முதல் மேட் ஸ்டார்பக், பிறகு இரண்டாம் மேட் ஸ்டப், கடைசியில் மூன்றாம் மேட் ஃபிளாஸ்க். எழுந்து வெளியேறும் வரிசையோ தலைகீழ். கடைசியாக உட்கார்ந்த ஃபிளாஸ்க்தான் முதலில் எழ வேண்டும். ஸ்டப்புக்கு அன்று பசி குறைவு என்றால் ஃபிளாஸ்குக்கு மூன்று கவளத்துக்கு மேல் கிடைக்காது. அதிகாரியாக உயர்ந்த நாள் முதல் அவன் வயிறு நிறைந்ததே இல்லை. வெண்ணெய்க்குக் கை நீட்டவும் துணிச்சல் இல்லை. மேசையில் பேசக் கூடாது என்று ஆகாப் தடை போடவில்லை என்பதையும் மெல்வில் குறிப்பிட மறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தான், அவ்வளவே. மற்றவர்கள் தாமாக ஊமையானார்கள். அடக்குமுறைக்குக் கட்டளை எப்போதும் வேண்டியதில்லை என்பதை இத்தனை சிறிய காட்சியில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல் அதிகம் இல்லை. கேப்டன் எழுந்துபோன பிறகு அதே மேசையில் ஈட்டி எறியும் குவீக்வெக், டாஷ்டெகோ, டாக்கூ மூவரும் உட்கார்ந்து சத்தமும் சிரிப்புமாகச் சாப்பிடுகிறார்கள். அச்சம் பதவிப்படியில் மேலே போகப்போகக் கூடுகிறது. இதைக் கவனித்துக்கொண்டால், பின்னால் மாலுமிகளைவிட மேட்களே ஏன் அதிகம் தவிக்கிறார்கள் என்பது விளங்கும்.

இனி 36-ஆம் அத்தியாயம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் ஆகாபின் பெரிய பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்சி நகரும் வரிசையை விட்டுவிடுகிறார்கள். வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது.

பாய்மர உச்சியில் காவல் இருப்பவர்கள் உட்பட எல்லோரையும் கப்பலின் பின்புறத்தில் கூடச் சொல்கிறான். அசாதாரணமான வேளையில் மட்டும் பிறக்கும் ஆணை அது. ஸ்டார்பக்கே திகைக்கிறான். கூடியதும் பேச்சைத் தொடங்காமல் கேள்வி கேட்கிறான். திமிங்கிலத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள்? அடுத்து என்ன செய்வீர்கள்? எந்தப் பாட்டுக்குத் துடுப்புப் போடுவீர்கள்? விடை எல்லோருக்கும் தெரிந்த கேள்விகள். ஒரே குரலில் கத்திக் கத்தி, தாங்கள் ஏன் இப்படிக் கிளர்ந்துபோனோம் என்று மாலுமிகளே ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொள்கிறார்கள். ஒப்புதல் சொல்லும் பழக்கம் முதலில் வந்துவிட்டது. எதற்கு ஒப்புதல் என்பது இன்னும் வரவில்லை.

பிறகு 16 டாலர் மதிப்புள்ள தங்க நாணயத்தைத் தூக்கிக் காட்டுகிறான். அதைப் பாய்மரத்தில் அறைய ஒரு சுத்தியல் வேண்டும். எடுத்துத் தரும்படி அவன் கேட்பது ஸ்டார்பக்கிடம். இன்னும் சிறிது நேரத்தில் எதிர்க்கப்போகிற ஒரே மனிதன், என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலே முதல் கருவியைத் தன் கையால் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். அவன் அதைக் கொண்டுவரும் வரை ஆகாப் நாணயத்தைச் சட்டையின் ஓரத்தில் தேய்த்து மெருகேற்றியபடி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். அடுத்து, சுருங்கிய நெற்றியும் கோணல் தாடையுமுள்ள வெள்ளைத் தலைத் திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்கு இந்தத் தங்கம் என்கிறான். பெயரை அவன் சொல்லவில்லை. அது மோபி டிக் அல்லவா என்று கேட்பவன் டாஷ்டெகோ. காலைப் பறித்தது அதுதானா என்று கேட்டு ஆகாபின் சொந்தப் பகையை வெளியே இழுப்பவன் மறுபடியும் ஸ்டார்பக். தான் திணித்தது என்று பின்னால் யாரும் சொல்ல முடியாதபடி, ஒவ்வொரு செய்தியும் கேட்பவர்கள் வாயிலிருந்தே வருகிறது.

சாராயம் கொண்டுவர ஆணை போய்விட்டது. அதன் பிறகுதான் ஸ்டார்பக்கின் முகவாட்டத்தைப் பற்றி ஆகாப் விசாரிக்கிறான். தான் திமிங்கில வேட்டைக்கு வந்தவன், கேப்டனின் பழிவாங்கலுக்கு வந்தவனல்ல, அந்தப் பழி நான்டக்கெட் சந்தையில் எத்தனை பீப்பாய் எண்ணெய்க்கு விலைபோகும் என்று ஸ்டார்பக் கேட்கிறான். நாவலில் ஆகாபை நோக்கிக் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி இதுதான். ஆகாப் அதற்கு விடை தரவில்லை. பேச்சைக் கணக்கிலிருந்து தத்துவத்துக்கு உயர்த்துகிறான். கண்ணால் காண்பதெல்லாம் அட்டை முகமூடி, அதைக் குத்திக் கிழிக்க வேண்டும், தன்னை அவமதித்தால் சூரியனையும் அடிப்பேன் என்கிறான். அதோடு, எல்லாரும் என் பக்கம் நிற்கும்போது நீ ஒருவன் மட்டும் ஏன் விலகி நிற்கிறாய் என்று மாலுமிகளைக் காட்டுகிறான். ஸ்டார்பக்கின் கேள்வி தவறென்று யாரும் நிரூபிக்கவில்லை. அதைக் கேட்பவன் தனியன் என்பது மட்டும் நிரூபிக்கப்பட்டது. அவன் மௌனமானதை ஆகாப் உடனே சம்மதமாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறான்: இனி அவன் எதிர்த்தால் அது கலகமாகிவிடும்.

பிறகு சடங்கு. மூன்று மேட்களும் ஈட்டிகளைக் குறுக்காக நீட்ட, நடுவில் ஆகாப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்கிறான். ஸ்டப்பும் ஃபிளாஸ்கும் பார்வையைத் திருப்புகிறார்கள். ஸ்டார்பக் தலைகுனிகிறான். மூவரும் ஈட்டி எறிபவர்களுக்குச் சாராயம் ஊற்றித் தர வேண்டும் என்று ஆணை பிறக்கிறது. ஈட்டியின் இரும்பு முனையைக் கழற்றித் திருப்பினால் அதன் குழியே கிண்ணம். மேலதிகாரிகளைக் கீழே உள்ளவர்களுக்கு ஊற்றிக்கொடுக்கவைத்து, கப்பலின் இயல்பான படிநிலையை ஆகாப் ஒரு கணம் கலைத்துவிடுகிறான். சாப்பாட்டு மேசையில் அவன் அவ்வளவு கண்டிப்பாகக் காத்த அதே படிநிலை! முறைமை தனக்கு உதவும்போது காப்பதும் தடையாகும்போது கலைப்பதும் அவன் கையில் இருக்கிறது.

இந்த வெற்றியோடு நிறுத்திவிட்டால் ஆராய்ச்சி பாதியில் நிற்கும். 46-ஆம் அத்தியாயம் மறுநிலை. இரகசிய நோக்கத்தைச் சற்று முன்கூட்டியே வெளியிட்டுவிட்டோமோ என்று ஆகாப் யோசிக்கிறான். உரிமையாளர்கள் அனுப்பிய கப்பலைத் தன் சொந்தப் பகைக்குத் திருப்புவது அதிகார அபகரிப்பு. அறத்தின்படியும் சட்டத்தின்படியும் மாலுமிகள் இனி கீழ்ப்படிய மறுக்கலாம், தலைமையைப் பறித்துக்கொள்ளவும் செய்யலாம். இது அவனுக்கு நன்றாகத் தெரிகிறது. தெரிந்ததால் வழக்கமான எண்ணெய் வேட்டையை நிறுத்தாமல் நடத்துகிறான். பணத்தின் மேலுள்ள நம்பிக்கையை இவர்களிடமிருந்து முழுதாகப் பறிக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. இன்று ஆவேசத்தில் பணத்தை இகழ்வார்கள், சில மாதம் போனால் அந்தப் பணமே தன்னைக் கவிழ்த்துவிடும் என்று அஞ்சுகிறான்.

இந்த இடத்தின் கனத்தை உணரக் கூலிமுறை தெரிய வேண்டும். திமிங்கில வேட்டைக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. பயணத்தின் நிகர வருமானத்தில் ஒரு பங்குதான். கதை சொல்லும் இஷ்மேலுக்கு 777-இல் ஒரு பங்கு போதும் என்று இன்னோர் உரிமையாளனான பில்டாட் பார்க்க, கடைசியில் 300-இல் ஒரு பங்கு என்று முடிவாகிறது. ஈட்டி எறியும் குவீக்வெக்குக்கு 90-இல் ஒரு பங்கு. எண்ணெய் இல்லையென்றால் எல்லாப் பங்கும் பூஜ்யம். கரையிலும் பங்குதாரர்கள் இருக்கிறார்கள். கப்பலின் ஒரு பலகை, ஓர் ஆணி என்ற அளவில் உடைமை கொண்ட விதவைகளும் தந்தையற்ற பிள்ளைகளும்கூட அதில் உண்டு என்று 16-ஆம் அத்தியாயம் சொல்கிறது. ஆகாப் செலவழிப்பது இவர்கள் எல்லோருடைய பணத்தையும். போதாததற்கு, உரிமையாளர்களுக்குத் தெரியாமல் தன் படகுக்கென்று ஃபெடல்லா உள்ளிட்ட ஐந்து பேரைக் கப்பலில் ஒளித்துவைத்திருந்தான் என்பது 48-ஆம் அத்தியாயத்தில் வெளிப்படுகிறது. அப்போதும் மாலுமிகள் வியக்கிறார்களே ஒழிய, கணக்குக் கேட்பவர் இல்லை.

இப்போது ஸ்டார்பக். ஆகாபைப் பற்றி நல்ல கட்டுரை எழுத நினைப்பவர் தம் நேரத்தில் பாதியை இவனுக்குக் கொடுக்கலாம். 109-ஆம் அத்தியாயத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒழுகுகின்றன, நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இவன் கேப்டன் அறைக்குப் போகிறான். ஒழுகட்டும் என்கிறான் ஆகாப். உரிமையாளர்கள் என்ன சொல்வார்கள் என்றதற்கு, கரையில் நின்று புயலைவிட உரக்கக் கத்தட்டும் என்று பதில். வாதம் முற்றியதும் குண்டு நிரப்பிய துப்பாக்கியை இவன் மேல் நீட்டி, உலகுக்கு ஒரே கடவுள், பீக்வாடுக்கு ஒரே கேப்டன் என்கிறான். ஆகாப் ஆகாபிடமே எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டார்பக் வெளியேறுகிறான். இதன் பின் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகாப் மேல்தளத்துக்கு வந்து, ஸ்டார்பக் கேட்டபடியே பீப்பாய்களை வெளியே எடுக்க ஆணையிடுகிறான். தேவைப்படும் இடத்தில் விட்டுக்கொடுக்கவும் தெரிந்தவன். விட்டுக்கொடுக்காத முரடன் என்று அவனை வரையும் கட்டுரை இந்தப் பக்கத்தில் தடுக்கி விழும்.

123-ஆம் அத்தியாயத்தில் அதே துப்பாக்கி ஸ்டார்பக் கையில். உள்ளே ஆகாப் தூங்குகிறான். கொல்லலாமா, கட்டிப்போடலாமா என்று வெகுநேரம் தனக்குள் வாதாடுகிறான். 30 பேரின் உயிர் ஒரு தட்டில், கொலைப்பாவம் மறு தட்டில். கடைசியில் துப்பாக்கியைத் திரும்ப வைத்துவிட்டு, கேப்டன் நன்றாகத் தூங்குகிறார், நீயே போய் எழுப்பிச் சொல் என்று ஸ்டப்பை அனுப்புகிறான். கோழை என்று எழுதிவிடுவது எளிது. அது சரியல்ல. கடலில் அவன் துணிவுக்குக் குறையில்லை என்பதை நாவல் பலமுறை காட்டுகிறது. அவனைக் கட்டுவது அவனுடைய நல்ல குணங்களே: கடமை, இறையச்சம், மேலதிகாரிக்கு மரியாதை. இன்னொன்றும் உண்டு. அவன் எதிர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தால் எல்லாமே ஆகாபை நோக்கியோ தன்னை நோக்கியோ பேசியவை. மாலுமிகளைக் கூட்டி, உங்கள் பங்கு போகிறது, உயிரும் போகப்போகிறது என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை. 119-ஆம் அத்தியாயத்தில் இடிமின்னலிடையே பாய்மரங்களின் உச்சியில் நெருப்பு எரியும்போது, கடவுளே உனக்கு எதிராக இருக்கிறார், விட்டுவிடு என்று அவன் ஆகாபைப் பார்த்துக் கத்துகிறான். அதைக் கேட்ட மாலுமிகள் பாதிக் கலகக் குரலோடு கப்பலைத் திருப்ப ஓடுகிறார்கள். நாவலில் கலகத்துக்கு மிக அருகில் வந்த கணம் அது. அவர்களுக்குத் தலைமை தாங்க யாரும் முன்வரவில்லை. ஆகாப் எரியும் ஈட்டியைச் சுழற்றி, கயிற்றில் கை வைக்கும் முதல் ஆளைக் குத்துவேன் என்று மிரட்டி, எல்லோரும் செய்த சத்தியத்தை நினைவூட்டி, அந்தச் சுடரை ஊதி அணைக்கிறான்.

அடுத்த நிலை, தகவல் முழுவதும் தன் வழியாக மட்டுமே வரும்படி செய்வது. 118-இல் சூரியனைக் கொண்டு கப்பல் இருக்குமிடம் கணிக்கும் கருவியை மிதித்து உடைக்கிறான். 124-இல் மின்னல் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிப் போட்டுவிட்டது தெரிகிறது. ஈட்டி இரும்பையும் சுத்தியலையும் பாய் தைக்கும் ஊசியையும் வைத்து, எல்லோர் கண்முன்னும் புதிய முள் செய்கிறான். காந்தமாக்குவது மாலுமித் தொழில் தெரிந்தவர்களுக்குப் பெரிய மர்மமல்ல. அவன் அதற்குத் தேவைதானா என்று தெரியாத சில விசித்திர அசைவுகளையும் சேர்த்து மந்திரம்போல் நடத்துகிறான். திசை எது என்பதற்கு இப்போது அவனே சான்று.

மென்மையும் இவற்றோடு சேர்கிறது. கடலில் தனியே விடப்பட்டுப் புத்தி பேதலித்த கறுப்பினச் சிறுவன் பிப்பைத் தன் அறையிலேயே வைத்துக்கொள்கிறான். 130-இல் தன்னைப் பாய்மர உச்சிக்கு இழுத்து ஏற்றிய கயிற்றை, தான் நம்பாத ஸ்டார்பக்கின் கையிலேயே காவலுக்குக் கொடுக்கிறான். 132-இல் தான் கடலில் கழித்த 40 ஆண்டுகளையும், ஐம்பதைத் தாண்டி மணந்து மறுநாளே பிரிந்த மனைவியையும் நினைத்துக் கண்ணீர் விடுகிறான். நடிப்பு என்று நான் படிக்கவில்லை. உண்மையாகவே இளகுகிறான். அந்த இளக்கம் ஸ்டார்பக்கின் எதிர்ப்பை மேலும் கரைக்கிறது என்பதே அதன் விளைவு. பிப்பிடம் அவன் சொல்வதைப் பாருங்கள்: உன்னிடம் என் நோயைக் குணமாக்கும் ஏதோ இருக்கிறது, ஆனால் இந்த வேட்டைக்கு என் நோய்தான் எனக்கு வேண்டிய ஆரோக்கியம், ஆகவே நீ கீழேயே இரு. 128-இல் 'ரேச்சல்' கப்பலின் கேப்டன் கார்டினர், காணாமல் போன தன் 12 வயது மகனைத் தேட 48 மணி நேரம் உதவும்படி கெஞ்சுகிறான். அதற்குப் பணமும் தருவதாகச் சொல்கிறான். ஆகாப் மறுக்கிறான். அந்தப் பையனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று ஸ்டப்பே வாய்விட்டுச் சொல்லியும் கப்பல் நகர்ந்துவிடுகிறது.

நாணயத்தின் கதையையும் கடைசிவரை பின்தொடர வேண்டும். துரத்தலின் முதல் நாள் திமிங்கிலத்தைக் கண்டு கத்துபவன் ஆகாப். ஏறக்குறைய அதே நொடியில் தானும் கண்டதாக டாஷ்டெகோ சொல்கிறான். இல்லை, விதி எனக்கென்றே வைத்திருந்தது என்று ஆகாப் நாணயத்தைத் தனதாக்கிக்கொள்கிறான். மாலையில், திமிங்கிலம் சாகும் நாளில் அதை முதலில் காண்பவனுக்கே இது என்று மறுபடி அறிவிக்கிறான், தானே கண்டால் பத்து மடங்கை எல்லோருக்கும் பிரித்துத் தருவதாகவும் சொல்கிறான். 36-ஆம் அத்தியாயத்தில் ஆணியடித்த பரிசு ஒருபோதும் யார் கைக்கும் போகவில்லை.

படிக்கும்போது நேரும் தவறுகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். வெள்ளைத் திமிங்கிலம் எதன் குறியீடு என்பதிலிருந்து தொடங்குவது ஒன்று. அப்படித் தொடங்கினால் கட்டுரை ஆகாபின் பார்வைக்குள்ளேயே போய்விடும். திமிங்கிலத்தை முகமூடியாகப் பார்த்தவன் அவன்தான். ஸ்டார்பக்குக்கு அது இயல்பூக்கத்தால் தாக்கிய விலங்கு. மற்றது, கதைசொல்லியை மறப்பது. 37 முதல் 40 வரையுள்ள அத்தியாயங்கள் நாடகம்போல மேடைக் குறிப்புகளோடு அமைந்தவை. ஆகாபும் ஸ்டார்பக்கும் தனிமையில் பேசியதை இஷ்மேல் காதால் கேட்டிருக்க வழியில்லை. எல்லோர் முன்னிலும் நடந்தவை எவை, இஷ்மேல் ஊகித்தவை எவை என்று குறிப்பேட்டில் தனியே பிரித்து எழுதுங்கள். 41-ஆம் அத்தியாயம் தொடங்குவதே, மற்றவர்களோடு சேர்ந்து தானும் கத்தினேன், தன் சத்தியமும் அதில் கலந்தது என்ற ஒப்புதலோடுதான். ஆகாபைப் பற்றி நமக்குச் சொல்பவன் ஆகாபிடம் அடங்கிப்போனவர்களில் ஒருவன். அவன் தரும் பிரம்மாண்டமான வருணனைகளில் அந்தப் பழைய மயக்கம் எவ்வளவு என்பதையும் எடைபோட வேண்டும்.

முழுப் பதிப்பையே படியுங்கள். 135 அத்தியாயங்களும் அவற்றின் பின் வரும் முடிவுரையும் வேண்டும். 1851 அக்டோபரில் லண்டனில் வந்த முதல் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போனது. அடுத்த மாதம் வெளிவந்த நியூயார்க் பதிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் யார் யார் அங்கே இருந்தார்கள், ஆகாபுக்கு அப்போது என்ன தேவை, மறுத்திருக்கக் கூடியவர் யார், ஏன் மறுக்கவில்லை, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று ஐந்து வரி எழுதிவைத்தால் போதும். 29-ஆம் அத்தியாயத்தில் ஸ்டப்பை நாயே, கழுதையே என்று ஆகாப் திட்டுவதற்கு அப்படி எழுதிப் பாருங்கள். மறுக்கக் கூடியவன் ஸ்டப், முதலில் முறைக்கவும் செய்கிறான். 31-இல் ஒரு கனவைச் சொல்லி, பெரிய மனிதனிடம் உதை வாங்குவதும் கௌரவம்தான் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறான். ஆகாப் அதற்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை.

கட்டுரையின் முதல் வரைவு முடிந்ததும் ஒரு சோதனை செய்யலாம். வாக்கியங்களின் எழுவாய்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஆகாப் கட்டளையிட்டான், ஆகாப் மயக்கினான், ஆகாப் அழித்தான் என்று வரிசையாக அவன் பெயரே வந்தால், அந்த வாக்கியங்களை எடுத்து, ஸ்டார்பக் சுத்தியலைக் கொடுத்தான், டாஷ்டெகோ பெயரைச் சொன்னான், ஃபிளாஸ்க் பட்டினியோடு எழுந்தான், இஷ்மேல் கத்தினான் என்று திருப்பி எழுதுங்கள். திருப்ப முடியாமல் மிஞ்சும் வாக்கியங்கள் சிலவே இருக்கும். ஆகாபுக்கே உரியவை அவைதான், அவனைப் பற்றிய பகுதியை அவற்றிலிருந்து எழுதத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்